சேவல் படத்தின் ஓரம்

சான் அன்டோனியோவில் ஒரு மெக்சிகோ பெண்மணியின் அச்சுப் பட்டறையில் அந்தச் சேவலை நானே அச்சிட்டேன். மரப்பட்டையை வேகவைத்து, கல்லால் அடித்து, கையாலேயே செய்த பழுப்புக் காகிதம். செதுக்கிய பலகையில் மை தடவியதும் உருளையைத் தள்ளும் வேலையை என்னிடம் விட்டார். நாற்பது படிகளில் அதுவே கடைசி. கீழே நார் பிசிறி நிற்கும் ஓரத்தில் பென்சிலால் 40/40 என்று எழுதி, கையெழுத்திட்டு, பக்கத்தில் என் பெயரையும் தேதியையும் எழுதினார். பிறகு பலகையின் குறுக்கே உளியால் ஒரு கோடு இழுத்தார். இனி அதில் யாரும் அச்சிட முடியாது.

எதற்கும் தேதி குறித்துவைப்பவள் நான். என் பெயருக்கு இன்னொருவர் தேதியிட்டது அந்த ஒரு முறைதான்.

டாலஸை ஒட்டிய ரிச்சர்ட்சனில் எங்கள் புதுமனை புகுவிழாவுக்கு, வெஸ்ட் வின்ட்சரிலிருந்து என் கணவரின் அக்கா வந்திருந்தார். ஆஸ்டினில் இரண்டு நாள் வேலை முடித்து நான் திரும்பியபோது சேவல் ஹாலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. நான்கு ஓரமும் நேர்க்கோடு.

"சுத்தி எலி கடிச்ச மாதிரி இருந்துச்சும்மா. ஃப்ரேம்ல வேற உக்காரல. நீட்டா டிரிம் பண்ணிட்டேன்."

"கீழ எழுதியிருந்துச்சே அண்ணி?"

"அந்தப் பென்சில் கிறுக்கலா? நாப்பதுக்கு நாப்பது, சென்டம் வாங்கிட்டல்ல, அதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"சேவல் முழுசா இருக்குல்ல, விடு. பிரியாணியே போடலாம்" என்றார் கணவர். இருவரும் சிரித்தார்கள்.

வெளியே போய்த் தொட்டியைத் திறந்தேன். காலி. காலையிலேயே குப்பை வண்டி வந்து போயிருந்தது.

அடுத்த மே மாதம் டாலஸில் ஒரு கல்யாணத்துக்காக அண்ணி மறுபடி வந்தார். தன் கூறைப் பட்டுப் புடவையை என்னிடம் அயர்ன் பண்ணக் கொடுத்தார். அதன் முந்தானைக் குஞ்சங்கள் என் மாமியார் கையால் முடிந்தவை. அந்தக் கதையை அண்ணி மூன்று முறை சொல்லியிருக்கிறார். மூன்றும் என் டைரியில் தேதியோடு இருக்கின்றன. மாமியார் இறந்த தேதியும் இருக்கிறது. அண்ணி தெரியாமல் வெட்டினார். நான் தெரிந்தே வெட்டினேன்.

"ஓரமெல்லாம் நூல் நூலாத் தொங்குச்சு அண்ணி. நீட்டா டிரிம் பண்ணிட்டேன்."

முந்தானையைப் பிடித்தபடி அவர் கட்டிலில் உட்கார்ந்தார். வெகுநேரம் விரல்கள் அந்த ஓரத்தையே தடவிக்கொண்டிருந்தன.

"அந்தச் சேவலுக்கா?"

"ஆமா அண்ணி."

"அம்மா முடிஞ்சதுடி அது. எங்க போட்ட?"

"காலையிலயே குப்பை வண்டி வந்துட்டுப் போயிடுச்சு."

பொய். குஞ்சங்கள் என் மேசை இழுப்பறையில் ஓர் உறைக்குள் இருக்கின்றன. உறைமேல் வெட்டிய தேதியை எழுதியிருக்கிறேன். அதன்கீழே, திருப்பிக் கொடுக்கும் தேதிக்கு ஒரு வரி விட்டிருக்கிறேன். அது இன்னும் காலியாகவே இருக்கிறது.