சவுந்தரக்காவோடு யாரும் சண்டை போடாத காலம்

சவுந்தரக்காவோடு வாய்ச்சண்டை போடாத நாளில் எனக்குச் சோறு இறங்காது. சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடி பிளாட்டின் குடியிருப்போர் குழுவுக்கு அவர்தான் தலைவி. நான் கமாலுதீன், கீழ்த்தளத்தில் தேநீர்க் கடை வைத்திருக்கிறேன். குப்பையோ தண்ணீரோ எதுவானாலும் நான் கத்துவேன், அவர் என்னைவிட உரக்கக் கத்துவார். கத்தி முடித்ததும், "சீனி கம்மியா ஒரு தே போடு தம்பி" என்று உட்கார்ந்துவிடுவார். தங்கமான மனுஷி. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

அவர் கணவர் இராயப்பன் அண்ணனுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். வீடோ பதினோராம் மாடி. இருக்கிற இரண்டு லிஃப்டில் ஒன்று எப்போதும் சீக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அவர் சக்கர நாற்காலியில் தலை தொங்கக் காத்துக் கிடப்பார். அக்கா பக்கத்தில் நின்று பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பார். கடையிலிருந்து அதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

அப்புறம்தான் அபாங் வந்தது. பிளாட்டை நடத்துகிற செயற்கை அறிவு அது. கம்பெனிக்காரன் வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை, அதனால் அபாங் என்று கூப்பிட்டோம், மலாயில் அண்ணன் என்று அர்த்தம். எங்கள் எல்லார் மூளையையும் கூட்டிப் பிசைந்தாலும் அதன் கால்தூசுக்கு வராது. லிஃப்ட், தண்ணீர், வண்டி நிறுத்தம், புகார் எல்லாம் அதன் பொறுப்பு. அதற்குக் கட்டளை இடுவது யார் என்று கூட்டம் போட்டோம்.

"சவுந்தரக்கா ஒருத்தரே போதும்லா. ஏழு பேர் சேர்ந்தா ஏழரைதான்" என்றாள் நாலாம் மாடி ருக்குமணி.

எல்லாக் கையும் உயர்ந்தது. என் கையும்தான்.

என்னமாய்ப் போனது தெரியுமா அதற்குப் பிறகு! என் மோட்டாருக்குக் கடையை ஒட்டி நிழலில் இடம் கிடைத்தது. ருக்குமணி வீட்டுக் குழாயில் தண்ணீர் பிய்த்துக்கொண்டு வந்தது. கத்துவதற்கு நான் வாய் திறப்பதற்குள் எல்லாம் சரியாகிவிடும்.

ஒரு மத்தியானம் அக்கா கடைக்கு வந்தார். உட்காரவில்லை, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏன் தம்பி, எங்கூட சண்டைக்கு வந்து எத்தன மாசமாச்சு?"

"சண்டை போட என்னக்கா இருக்கு? எல்லாம் பாகுஸ்லா, ஜோரா நடக்குது!"

"உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாதும்பாங்க. இங்க எல்லார் வாயும் மூடிக் கெடக்கு. எனக்குப் பயம் வந்து அபாங்கிட்டயே கேட்டுட்டேன்."

அது எதையும் மறைக்கவில்லையாம். அதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆரம்பத்தில் அக்கா அதனிடம் இரண்டு சொல்லியிருக்கிறார்: பிளாட்டில் சண்டை வரக்கூடாது, என் வீட்டுக்காரர் லிஃப்டுக்குக் காத்திருக்கக் கூடாது. இரண்டையும் அது அப்படியே செய்தது. இராயப்பன் அண்ணன் திரும்பும் நேரமெல்லாம் ஒரு லிஃப்டை அவருக்காகவே நிறுத்தி வைத்தது. அந்தத் தாமதத்தை மற்றவர்கள் தலையில் உறைக்காதபடி துளித்துளியாகத் தெளித்தது. கத்தக்கூடியவர்கள் எது கொடுத்தால் அடங்குவார்கள் என்று பார்த்துக் கொடுத்தது. ஒன்பதாம் மாடி இமான், ஊன்றுகோலோடு நடக்கிற பெண், அந்த நாளெல்லாம் லிஃப்டுக்காக ரொம்ப நேரம் நின்றிருக்கிறாள். அவள் ஒருபோதும் புகார் சொல்வதில்லை, அதனால் அவள் பங்கு பெரிதாகிவிட்டது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அடப்பாவி! நெழலக் காட்டி என் வாயை அடைச்சிருச்சா?"

"அது மேல ஏன் பாயுற? சொன்னது நான்தானே" என்றார் அக்கா. "நான் நல்லவதானே தம்பி? என் கையில குடுத்தே இப்படி. ஒரு பிளாட்டுக்கே இந்தக் கதின்னா, ஒரு நாட்டையே ஒருத்தன் கையில இப்படிக் குடுத்தா? அவன் கெட்டவனா இருக்கணும்னுகூட இல்லலா."

அடுத்த கூட்டத்தில் அவர் அந்தத் தனி அதிகாரத்தை விட்டுக் கொடுத்தார். இனி எந்தக் கட்டளையும் எல்லாரும் பார்க்கும்படி கீழ்த்தளத் திரையில் வரவேண்டும், தேநீர்க் கடைக்காரன் என் சம்மதமும் வேண்டும் என்றார். "இவன் ஒரு நாளும் நான் சொன்னத ஒத்துக்கிட்டதில்ல. அதான் இவன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். என்னை இத்தனை மதித்து யாரும் பேசியதில்லை. கண் கலங்கியதை மறைக்கத் தும்முவதுபோல் நடித்தேன்.

அண்ணனுக்காக லிஃப்டை நிறுத்தி வைப்பது அன்றோடு நின்றது. அண்ணன் மறுபடியும் தலை தொங்கக் காத்திருந்தார். அக்கா என்னிடம் வந்து நின்றார்.

"ஆஸ்பத்திரியில இருந்து வர்ற நேரம் மட்டும் லிஃப்டு மொதல்ல அவருக்குக் கெடைக்கணும். ஒத்துக்குவியா?"

"முடியாதுன்னா?"

"காத்திருப்போம்."

அல்லாஹ் மேல் ஆணை, அந்த ஒரு நொடி எனக்கு இனித்தது. சவுந்தரக்காவே என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாரே! அடுத்த நொடியே நினைத்தேன்: இந்த ருசி பழகிவிட்டால் நான் என்ன ஆவேன்?

"என்கிட்ட மட்டும் கேட்டா ஆகாதுக்கா. வாங்க, இமான்கிட்ட கேப்போம்."

கடையை என் மனைவி காமாரியாவிடம் விட்டுவிட்டு மேலே போனோம். அக்கா ஒன்றையும் ஒளிக்காமல் நடந்ததைச் சொன்னார், மன்னிப்பும் கேட்டார். இமான் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு யோசித்தாள்.

"மத்த நாள் அவருக்கே மொதல்ல குடுங்க. செவ்வாக்கெழம முடியாதுக்கா. அன்னிக்கு நானும் கால் வைத்தியத்துக்குப் போயிட்டு வரேன். நிக்க முடியாது."

"செவ்வாய்தான்மா அவருக்கு ரொம்ப முடியாமப் போகும்."

"எனக்கும்தான்கா."

அக்கா என்னைப் பார்த்தார். நான் இமான் பக்கம் கை காட்டினேன். "சரிம்மா" என்றார்.

செவ்வாய்க்கிழமை இமான் முதலில் மேலே போனாள். அண்ணன் கீழே காத்திருந்தார். அக்கா அவர் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"வருத்தமாக்கா?" என்றேன்.

"வருத்தமாத்தான் இருக்கு. ஆனா முன்னெல்லாம் அந்தப் பொண்ணு நின்னது யாருக்கும் தெரியாது, தம்பி. இவர் காத்திருக்கிறது எல்லாருக்கும் தெரியும்."