மிளகாய்த்தூள் டின்னில் சாய்த்த போன்

என் தங்கச்சியும் நானும் தினமும் போனில் பேசிக்கொள்வோம் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. போனில் சேர்ந்து சமைப்போம் என்பதுதான் சரி. அவள் கல்யாணமாகிப் போனது பாலிக் புலாவுக்கு. நான் இருப்பது ஆயர் ஈத்தாமில், அடுக்குமாடியில். நடுவில் மலை. சாயங்காலம் வேலை விட்டு வந்து குளித்ததும் போனை மிளகாய்த்தூள் டின்னில் சாய்த்து ஸ்பீக்கரைப் போட்டுவிடுவேன். அங்கே அவள் தன் போனை அரிசி டின் மூடிமேல் வைப்பாள். அப்புறம் இரண்டு அடுப்பும் எரியும். பேச ஏதாவது இருந்தால் பேசுவோம். இல்லாவிட்டால் அவள் வெங்காயம் நறுக்குவது எனக்குக் கேட்கும், நான் தாளிப்பது அவளுக்குக் கேட்கும்.

"கருகுது அக்கா" என்பாள் அங்கிருந்தே.

"மலையத் தாண்டி மூக்கு நீளுதா உனக்கு?"

"மூக்கு இல்ல, காது. கடுகு சத்தம் நின்னு எவ்ளோ நேரமாச்சு!"

சொல்லிவிட்டுச் சிரிப்பாள். மூச்சு வாங்கி, நடுவில் விக்கி, திரும்ப ஆரம்பிக்கிற சிரிப்பு. என் வீட்டுக்காரர் சாப்பாட்டு மேசையிலிருந்து சொல்வார்: "ரெண்டு வீட்டுக்கும் ஒரே குசினியாப் போச்சு லா."

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எங்கள் அம்மா இருந்திருந்தால் பிள்ளை பெற்றதும் தங்கச்சி தாய்வீட்டுக்குத்தான் வந்திருப்பாள். அம்மா இல்லை. என் மாடியில் லிப்ட் அடிக்கடி படுத்துக்கொள்ளும். பச்சைப் பிள்ளையோடு எப்படி ஏற்றி இறக்குவது? அதனால் அவளுடைய மாமியார், "நான் எதுக்கு இருக்கேன்? நானே பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.

அந்த அத்தை நல்ல மனுஷி, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெந்நீர், இஞ்சி, பூண்டுக் குழம்பு, வயிற்றுக்குத் துணிக்கட்டு, எதிலும் குறை வைக்கவில்லை. அந்தப் பத்திய நாட்களில் கண்ணுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. புத்தகம் கூடாது, டிவி கூடாது, இப்போது போனும் அதில் சேர்ந்துவிட்டது.

"பச்ச உடம்பு. இப்ப கண்ணக் கெடுத்துக்கிட்டா காலத்துக்கும் தலவலிதான்" என்று அத்தை அவள் போனை வாங்கி, அலமாரியில் தன் சேலைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டினார்.

யாரும் மறுப்புச் சொல்லவில்லை. எனக்கும் அது சரி என்றே பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். குழந்தை மடிவிட்டு மடி போய்க்கொண்டிருக்கும். அவள் சுவரோரம் சாய்ந்திருப்பாள். "தூக்கமில்லையாடி?" என்றால் "ம்" என்பாள். அவ்வளவுதான்.

பத்தியம் முடிந்து போன் அவள் கைக்குத் திரும்பியது. அன்று சாயங்காலமே டின்னில் சாய்த்துக் கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுநாளும் அப்படியே. எப்போதாவது எடுத்தால், "அப்பறம் பேசுறேன் அக்கா" என்று வைத்துவிடுவாள். நானும் விடவில்லை. அடுப்பைப் பற்ற வைக்கும்போதெல்லாம் போனை அதன் இடத்தில் சாய்த்து வைத்தேன். அது பாட்டுக்குக் கறுத்த முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு வந்ததற்கு ஆளாளுக்கு ஒரு பேர் வைத்தோம். "கண்ணு பட்டுருச்சு" என்றார் அத்தை. "தூக்கம் பத்தல அக்கா, வேற ஒன்னும் இல்ல" என்றார் பத்து காவான் ஊரில் தொழிற்சாலைக்கு ஷிப்ட் வேலைக்குப் போகும் மாப்பிள்ளை. என் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா "சபார் லா" என்றாள், பொறுமையாக இரு என்று. பிள்ளைக்குப் பேர் வைக்கும்போதுகூட எங்களுக்கு இத்தனை பேர் தோன்றவில்லை.

குழந்தைக்கு ஊசி போடப் போன இடத்தில்தான் ஒரு மிசி, அதாவது நர்ஸ், குழந்தையை விட்டுவிட்டு இவளைப் பார்த்தாள். "பாப்பா நல்லா இருக்கு. நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறாள். என் தங்கச்சி அழ ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. டாக்டர் பார்த்தார். பிள்ளை பெற்ற பிறகு சிலருக்கு மனசு இப்படி விழுந்துவிடும், இது வியாதி, குணமாகும் என்றார். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரை எழுதினார். டவுனில் பெண்களுக்கென்று ஆலோசனை சொல்லும் ஓர் இடத்துக்கும் அனுப்பினார்.

அது பழைய கடைவீட்டு மாடி. கீழே காப்பிக்கடை. குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அத்தை, மாப்பிள்ளை, நான் என்று அவளைச் சூழ்ந்துகொண்டு ஏறினோம். கவுன்சலர் ஒரு தமிழ்ப் பெண், என்னைவிட இளையவர். எல்லாரும் 'மிஸ்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

"தூக்கம் எப்படி இருக்கு?" என்று தங்கச்சியைக் கேட்டார்.

"எங்க தூங்குது! விட்டத்தப் பாத்துக்கிட்டே படுத்திருக்கும்" என்றார் அத்தை.

"சாப்பாடு?"

"ரெண்டு வாய்தான் மிஸ்." இது மாப்பிள்ளை.

"மனசுக்குள்ள என்ன ஓடுது?"

"சின்ன வயசுலேருந்தே எல்லாத்தையும் உள்ளுக்குள்ளயே வச்சுக்குவா மிஸ், ஒரு தடவ பாருங்க..." என்று நான் ஆரம்பித்தேன்.

மிஸ் சிரித்துவிட்டார். "நல்ல குடும்பம். கேள்வி ஒருத்தருக்கு, பதில் மூணு பேரு. நீங்க மூணு பேரும் கொஞ்சம் வெளிய காத்தாட உக்காருங்க."

"நான் இல்லாம அது எப்படிப் பேசும்?" என்றார் அத்தை.

"பேசலன்னா சும்மா உக்காந்திருப்போம் அம்மா. அதுக்கும் இங்க எடம் இருக்கு."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை காடியை வேறு இடத்தில் நிறுத்தப் போனார். கதவுக்கு அந்தப் பக்கம் முணுமுணுப்பு மட்டும் வந்தது. எது அவள் குரல், எது மிஸ் குரல் என்றுகூடப் பிரிக்க முடியவில்லை. ஆனாலும் அந்தக் கதவையே டின்னில் சாய்த்த போனைப் போல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் மாமியா எனக்குச் செஞ்சதத்தான் இதுக்குச் செஞ்சேன்" என்றார் அத்தை திடீரென்று. "எனக்கும் மொதப் பிள்ளைக்கு அப்படித்தான் இருந்துச்சு. கெணத்தடியில போய் அழுதுட்டு வருவேன். யாரு கேட்டா?"

அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

வாராவாரம் போனோம். ஒரு நாள் மிஸ் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். தங்கச்சி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"உங்ககிட்ட ஒன்னு சொல்லணும்னாங்க. சொல்ல வாய் வரல, என்னச் சொல்லச் சொன்னாங்க. சொல்லட்டுமாம்மா?" என்று தங்கச்சியைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். "படுத்திருந்த நாள்ல அவங்க ரொம்ப ஏங்குனது உங்க குசினிச் சத்தத்துக்காம். அலமாரிக்குள்ள போன் அடிக்கிற மாதிரியே இருக்குமாம்."

நான் அவள் பக்கம் திரும்பினேன். "அப்பறம் போன் கையில வந்ததும் ஏன்டி எடுக்கல?"

அவளே பதில் சொன்னாள். "எடுத்தா பேசணுமே அக்கா."

"நீ எப்பத்தான் என்கிட்ட பேசுன? வெங்காயம்தான நறுக்குன?"

அவள் உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

அன்றைக்கு ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். நான் கூப்பிடுவேன். அவள் எடுத்து மூடிமேல் வைத்தால் போதும், பேச வேண்டாம். அவள் செய்தாள். நானும் வாயைக் கட்டிக்கொண்டு சமைத்தேன், எனக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார். அந்தப் பக்கம் குழாய்த் தண்ணீர் விழும், குழந்தை சிணுங்கும், அத்தையின் செருப்பு தரையில் உரசும். அவள் குரல் மட்டும் வராது. கத்திச் சத்தம் கேட்கிறதா என்று கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அப்படி நின்ற ஒரு சாயங்காலம்தான்.

"அக்கா, எத்தன விசில் விடுவ? பருப்பு கூழாப் போயிருக்கும். அணை மொதல்ல."

அணைத்தேன். அணைத்துவிட்டு அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பருப்பு கூழாகத்தான் போயிருந்தது. என் வீட்டுக்காரர் அதை ஊற்றிச் சாப்பிட்டார்.

இப்போது ஓரிரண்டு வார்த்தை பேசுகிறாள். குழந்தை குப்புற விழுந்ததைச் சொன்னாள். டவுனுக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறாள், அத்தை காப்பிக்கடையில் உட்கார்ந்து காத்திருக்கிறார். அந்த மூச்சு வாங்குகிற சிரிப்பு மட்டும் இன்னும் மலையைத் தாண்டி வரவில்லை. அவசரமில்லை என்று மிஸ் சொல்லியிருக்கிறார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. சில நாள் கடுகைக் கொஞ்சம் கூடுதலாகவே கருகவிட்டு, டின் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறேன்.