மலிவு விலையில் கப்பலேறிய நெரிடா அத்தை

நெரிடா அத்தையின் கதையை விடியற்காலை நாலரை மணியிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த நேரத்தில் ஃபோன் அடித்தால் அத்தைக்கு அன்று வேலை உண்டு. அடிக்காவிட்டால் இல்லை. ஆஸ்திரேலியாவில் இப்ஸ்விச் பக்கம் ஒரு பஸ் டிப்போவில் அத்தை மாற்று டிரைவர். யாருக்காவது காய்ச்சல் வந்தால், யாருடைய பிள்ளைக்காவது கை ஒடிந்தால், அந்த வண்டி அத்தைக்கு. பதினொரு வருடமாக அடுத்தவர் காய்ச்சலில் சோறு தின்கிறவள் என்று நான் சொல்வேன். அத்தை என் மண்டையில் குட்டுவாள்.

ஃபோனின் அந்தப் பக்கம் ஹேசல். யாருக்கு எந்த வண்டி என்று டிப்போவில் பட்டியல் போடுகிறவள்.

"எழுந்தியாடி?"

"எழுந்து சட்டையும் போட்டாச்சு. யாரு இன்னிக்கு?"

"டெரன்ஸ். வயிறு சரியில்லையாம்."

"நேத்து மேட்ச் பார்த்துக் குடிச்சவனுக்கு வயிறா? தலைன்னு சொல்லு."

பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு இதைக் கேட்டுத்தான் நான் கண் விழிப்பேன். அம்மா இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டு ஆக்லாந்து போனதிலிருந்து நான் அத்தை வீட்டில்தான் இருக்கிறேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். இரண்டு தரப்புக்கும் வருத்தமில்லை. இப்போது சூப்பர் மார்க்கெட்டில், மறுநாள் தாங்காத ரொட்டிமேல் மஞ்சள் நிறத்தில் விலைக்குறைப்புச் சீட்டு ஒட்டுவது என் வேலை.

ஹேசலும் அவள் கணவர் காலினும் கப்பலில் போவதென்று முடிவு செய்து பதினாறு மாதம் ஆகியிருந்தது. பிரிஸ்பேனிலிருந்து நூமியா, லிஃபூ, பைன் தீவு என்று பசிபிக் தீவுகள், திரும்பி வீடு, எட்டு நாள். பால்கனி வைத்த அறை. இரண்டு பேருக்கும் சேர்த்து நாலாயிரத்து இருநூறு டாலரை மாதாமாதம் கட்டினாள். டிப்போ சாப்பாட்டு அறையில் ஒரு நாட்காட்டி தொங்கவிட்டுத் தினமும் ஒரு கட்டத்தை அடித்துக்கொண்டிருந்தாள்.

"நீயும் வாயேன்டி," என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள்.

"நாளைக்கு வேலை இருக்கான்னே தெரியல. அடுத்த வருஷம் மார்ச்சுல நான் எங்க இருப்பேன்னு எப்படிச் சொல்றது? முன்பணம் கட்டிட்டு ரெண்டு மாசம் ஃபோன் அடிக்கலேன்னா? கட்டினதும் போச்சு, கப்பலும் போச்சு."

ஹேசல் மேற்கொண்டு கேட்கவில்லை. ஃபோன் அடிப்பவளே அவள்தானே.

கப்பல் புறப்பட ஐந்து நாள் இருக்கையில் நான் சும்மா ஃபோனை நோண்டிக்கொண்டிருந்தேன். அதே கப்பல், அதே தேதி. விற்காமல் கிடந்த அறைகளைத் தள்ளிவிடுகிறார்கள். இரண்டு பேர் தங்கும் பால்கனி அறை ஆயிரத்து முன்னூறு. ஒருவர் போனாலும் அதே விலை.

"அத்தை, பழைய ரொட்டி மாதிரி கப்பலை விக்கிறாங்க," என்றேன்.

அத்தை ஃபோனைப் பிடுங்கிப் பார்த்தாள். எழுந்தாள். உட்கார்ந்தாள். கெட்டிலைப் போட்டாள், தண்ணீர் ஊற்றாமல். "ரெண்டு பேருக்கா?" என்றாள். "உன் பாஸ்போர்ட் எங்க?" அவ்வளவுதான். என் மேனேஜர் லீவை உடனே கொடுத்தார். அவருக்கும் அது விடுமுறைதான்.

ஹேசலிடம் சொல்லவில்லை. திடீரென்று முன்னால் போய் நிற்பதென்று திட்டம். இந்த மாதிரி விஷயத்தில் அத்தைக்கு நான்தான் ஆலோசகர்.

கப்பல் பிரிஸ்பேன் ஆற்றைவிட்டு நகரும்போது ஹேசலும் காலினும் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அத்தை பின்னால் போய், டிப்போ வயர்லெஸ்ஸில் பேசுகிற குரலில், "முப்பத்தொன்பதாம் நம்பர் லேட்டு, டிரைவரைக் காணோம்," என்றாள். ஹேசல் போட்ட கூச்சலில் ஒருவர் கையிலிருந்த பீர் கொட்டியது. கட்டிப் பிடித்தாள், அழுதாள், அத்தையின் தோளில் அடித்தாள்.

"பாவி, சொல்லவே இல்லியே! நல்லவேளை இந்தக் கும்பல்ல நீயாவது வந்தே. வரிசையில எனக்கு முன்னால ஒருத்தி, போன வாரம்தான் வாங்கினாளாம், மூணுல ஒரு பங்கு விலைக்கு. சிரிச்சுக்கிட்டே சொல்றா. தள்ளிவிட்டிருப்பேன் தண்ணியில. நம்ம காசுல ஓடுற கப்பல், இவ காத்து வாங்க வர்றா. நீ எப்ப டிக்கெட் போட்டே?"

அத்தை என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன்.

"ஆறு மாசம் இருக்கும்," என்றாள் அத்தை.

அந்தப் பொய்யோடுதான் எங்கள் பயணம் தொடங்கியது. எங்கள் அறை ஹேசலின் அறைக்கு நேர் மேலே, ஒரு தளம் உயரம். எங்கள் பால்கனியில் நின்றால் ஹேசலின் கால் தெரியும். அத்தை பால்கனிக்கே போகவில்லை. "வெயில்," என்றாள். மழை பெய்தபோதும் அதையே சொன்னாள். காலையில் கப்பலை நாலு சுற்று நடப்பாள், மாலையில் ஆறு. சாப்பாட்டு மேசையில் யாராவது "டிக்கெட்" என்ற சொல்லைத் தொட்டாலே முள்கரண்டி கீழே விழும். மூன்று நாளில் ஐந்து கரண்டி. நான் எண்ணினேன்.

இனி என் திருப்பணி.

நான்காம் நாள் மாலை எல்லோரும் நல்ல உடுப்பு போட்டு விருந்துக்கு வர வேண்டும். அத்தை நீலப் பட்டுச் சட்டை போட்டிருந்தாள். நான் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. டிரைவர் சட்டையின் கழுத்துப் பட்டையே அவளுக்குப் பிறவியிலிருந்து உண்டு என்று நினைத்திருந்தேன். அழகாக இருக்கிறாய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படி வராத நேரத்தில் என் கை ஏதாவது செய்துவிடும். என் கைப்பையில் சூப்பர் மார்க்கெட் மஞ்சள் சீட்டு ஒரு சுருள் எப்போதும் கிடக்கும். ஒன்றைக் கிழித்து அத்தையின் முதுகில் ஒட்டினேன். "விலைக் குறைப்பு. இன்றே விற்றாக வேண்டும்."

அப்படியே லிஃப்டில் போனாள், மாடிப்படியில் நின்று படம் எடுத்துக்கொண்டாள், மேசைக்கு வந்தாள். வழியெல்லாம் சிரிப்பு. எல்லோரும் சட்டையைப் பார்த்துப் புன்னகைக்கிறார்கள் என்று அவளுக்குப் பெருமை.

ஹேசல்தான் சீட்டைப் பிய்த்து எடுத்தாள். காலின் அதைப் படித்துவிட்டு, "என்ன நெரிடா, நீயும் கடைசி வாரத்துச் சரக்கா?" என்றார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். இறாலை உரித்துக்கொண்டே கேட்டார்.

அத்தை சிரித்திருக்கலாம். சிரித்திருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அவள் கழுத்திலிருந்து காது வரை சிவந்தது.

ஹேசல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எவ்வளவு?" என்றாள்.

"ஹேசல்..."

"எவ்வளவுடி?"

"ஆயிரத்து முன்னூறு."

"ஒரு ஆளுக்கா?"

"ரெண்டு பேருக்கு," என்றேன் நான். உண்மையைச் சொல்ல நான் தேர்ந்தெடுத்த நேரம்!

எங்கள் மேசையில் லெஸ்டர் என்று ஒருவர் இருந்தார். வார்விக் பக்கம் பன்றிப் பண்ணை வைத்திருப்பவர். நிலைமையைச் சரி செய்வதாக நினைத்து வாயைத் திறந்தார். "சந்தையில நானும் அப்படித்தாம்மா. காலையில வர்றவனுக்கு நல்ல விலை, நல்ல பன்னி. சாயங்காலம் மிச்சம் இருக்கிறதைத் திருப்பி ஏத்திக்கிட்டுப் போறதுக்குப் பதிலா வந்த விலைக்குத் தள்ளிடுவேன்."

"காலையில வாங்கினவன் அதைப் பார்த்தா என்ன சொல்வான்?" என்றாள் ஹேசல்.

"திட்டுவான்."

"திட்டட்டும். அவனுக்கு உரிமை இருக்கு. அதுவும் இங்க நான் வாங்கின பன்னி கீழ்த்தளத்துல இருக்கு, இவளோடது மேல்தளத்துல."

அத்தை மெதுவாகச் சொன்னாள். "பொய் சொன்னது தப்புதான்டி. அதுக்குத்தானே உனக்குக் கோபம்?"

"இல்லை! பொய்க்குன்னு சொல்லி என்னைப் பெரிய மனுஷி ஆக்காதே. காசுக்குத்தான் கோபம். பதினாறு மாசம் ஞாயித்துக்கிழமை கூட டிப்போவுல உட்கார்ந்தேன். காலின் பல்லைக் கட்டாம தள்ளிப் போட்டார். நீ அஞ்சு நாள்ல, ஒரு பல்லும் போகாம, என் தலைக்கு மேல வந்து உட்கார்ந்துட்டே."

காலின் வாயை மூடிக்கொண்டார்.

"பதினாறு மாசமா நீ இந்தத் தேதிக்காகக் காத்திருந்தே," என்றாள் அத்தை. "நாட்காட்டியில அடிச்சு அடிச்சு ரசிச்சே. எனக்கு அது என்னன்னே தெரியாது. எனக்கு மணிக்குக் கால் பங்கு கூலி அதிகம்னு நிரந்தர டிரைவருங்க சண்டைக்கு வந்தப்ப நீ என்ன சொன்னே? நாளைக்கு என்னன்னு தெரியாம இருக்கிறாளே, அதுக்கான கூலி அதுன்னு சொன்னே. இதுவும் அதுதான்."

"அப்ப ரெண்டு பக்கமும் உனக்கே லாபமா?" என்றாள் ஹேசல். நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போய்விட்டாள். அவள் கேட்டிருந்த பாவ்லோவா இனிப்பு வந்தது. யாரும் தொடவில்லை. நான்கூட.

மறுநாள் காலை ஹேசல் வரவேற்பு மேசைக்குப் போய் முறையிட்டாள். விலை இறங்கியது அவள் முழுப் பணமும் கட்டி முடித்த பிறகு என்பதால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பளபளப்பாகச் சிரித்தபடி சொன்னார்கள். மத்தியானம் அவள் அறைக்கு ஒரு தட்டு அனுப்பினார்கள். சாக்லேட்டில் முக்கி எடுத்த ஸ்ட்ராபெர்ரி. ஒன்பது பழம். பால்கனியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக, காலினுக்குக்கூடக் கொடுக்காமல் அவள் தின்பதை நான் மேலிருந்து பார்த்தேன்.

பிறகு இறங்கிப் போய் அவள் கதவைத் தட்டினேன். "சீட்டை ஒட்டினது நான். அத்தைக்கு ஒண்ணும் தெரியாது. திட்டணும்னா என்னைத் திட்டுங்க."

"நீ ஒட்டாம இருந்தா இன்னும் நாலு நாள் முட்டாளா சந்தோஷமா இருந்திருப்பேன்," என்றாள் ஹேசல். கதவை மெதுவாகச் சாத்தினாள். அறைந்து சாத்தியிருந்தால் தேவலை.

வீடு திரும்பினோம். திங்கட்கிழமை அத்தை நாலு மணிக்கே சட்டை போட்டு உட்கார்ந்தாள். நாலரை ஆனது. ஐந்து ஆனது. ஃபோன் அடிக்கவில்லை. செவ்வாயும் இல்லை. புதன்கிழமை டெரன்ஸுக்கு மறுபடி உடம்பு சரியில்லை என்று ஊரெல்லாம் தெரியும். அவன் வண்டியை ஓட்டுகிற வேறு யாரோ ஒரு பையனை எங்கள் வீட்டு வாசலிலேயே பார்த்தோம். அத்தை கையை ஆட்டினாள், டிரைவருக்கு டிரைவர் ஆட்டுவது போல. உள்ளே வந்து சார்ஜரைப் பிடுங்கி மறுபடி செருகினாள். பாத்ரூமுக்கும் ஃபோனை எடுத்துக்கொண்டு போனாள்.

"நீயே ஃபோன் அடிச்சுப் பாரேன், அத்தை."

"பதினொரு வருஷத்துல நானா அடிச்சதில்லை. வேலைக்குக் கெஞ்சுற மாதிரி ஆயிடும். கெஞ்சினா வேலை வேணும்னா வரும். அவ வரமாட்டா."

இரண்டாம் வாரம் வாடகை நாள் வந்தது. நான் சூப்பர் மார்க்கெட்டில் கூடுதல் நேரம் கேட்டு வாங்கினேன். அத்தையிடம் அதை மேனேஜர் கொடுத்த தண்டனை என்று சொல்லிவைத்தேன். நம்பினாள். என் பெயர் அப்படி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஃபோன் அடித்தது. "டிப்போவுக்கு வா," என்றாள் ஹேசல், வைத்துவிட்டாள். அந்த நேரத்தில் அவள் ஒருநாளும் அடித்ததில்லை. சாவியும் அடையாள அட்டையும் திருப்பிக் கேட்பார்கள் என்று அத்தை இரண்டையும் ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டாள். நானும் கூடப் போனேன்.

ஹேசல் மேசைமேல் ஒரு தாளைத் தள்ளினாள்.

"முதல் வாரம் ஃபோன் பண்ணாதது வெறும் கோபம். மறைக்க மாட்டேன். ரெண்டாவது வாரம் இதுக்கு மேலிடத்தோட சண்டை. முப்பத்தொன்பதாம் நம்பர் இனி உன்னுது. திங்கள்லேருந்து வெள்ளி வரை. நிரந்தரம். டெரன்ஸைப் பணிமனைக்கு மாத்தியாச்சு."

அத்தை தாளை எடுத்தாள். படித்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். "மணிக்கூலி குறையுமே," என்றாள்.

"குறையும். கீழே பாரு. அடுத்த வருஷம் மே மாசம் ரெண்டாவது வாரம் லீவு. உனக்கும் எனக்கும். இப்ப, என் கண்ணு முன்னால, இந்த மேசையிலேயே உட்கார்ந்து கப்பலுக்கு டிக்கெட் போடு. முழு விலை. நான் கட்டுறதையே நீயும் கட்டணும்."

"பதினாலு மாசமாடி? அதுக்குள்ள என்னென்ன ஆகுமோ!"

"ஆகட்டும். காத்திரு. அது எப்படி இருக்குன்னு பாரு."

அத்தை நின்றாள், ஜன்னல் வரை போனாள், திரும்பி வந்தாள். கடைசியில் உட்கார்ந்து போட்டாள். வங்கி அட்டை எண்ணைத் தட்டும்போது இரண்டு தடவை தப்பாகத் தட்டினாள்.

இப்போதும் நாலரை மணிக்கு எங்கள் வீட்டில் ஃபோன் அடிக்கிறது. வண்டி எது என்று சொல்ல வேண்டிய தேவையில்லை. ஆனாலும் அடிக்கிறது. அத்தை அதற்குள் எழுந்து, கப்பல் விலையைப் பார்த்து வைத்திருப்பாள்.

"பார்த்தியாடி?"

"பார்த்தேன். நாப்பது டாலர் ஏறியிருக்கு."

"நல்லது. இறங்கினா?"

"இறங்கினா அந்த ஆபீஸையே கொளுத்திடுவேன். எவளாவது கடைசி வாரத்துல நம்ம தலைக்கு மேல வந்து உட்காரட்டும், சொல்றேன் அவளுக்கு."

ஹேசல் அந்தப் பக்கம் சிரித்துச் சிரித்து இருமுகிறாள். அத்தை சிரிக்கவில்லை. உண்மையாகவே சொல்கிறாள். ஃபோனை வைத்துவிட்டு இன்னொரு தடவை விலையைப் பார்க்கிறாள்.