லோதாரின் தாடையும் ரோஸ்விதாவின் சாணைக்கல்லும்

ரோஸ்விதா ஹார்ட்கொப் தன் கணவன் லோதாரைக் கொன்றுவிட்டாள், இல்லாவிட்டால் கூடிய சீக்கிரம் கொன்றுவிடுவாள் என்று ஜெர்மனியில் ஸோலிங்கன் நகரத்தின் வால்ட் பகுதியில் ஒரு பேச்சு அடிபட்டது. அதை அவளிடமே வந்து சொன்னவள் மாடிவீட்டு ஃப்ரௌ எவெர்ட்ஸ், அதாவது திருமதி எவெர்ட்ஸ். ஃப்ரௌ எவெர்ட்ஸுக்குச் சொன்னது இறைச்சிக் கடைக்காரி. இறைச்சிக் கடைக்காரிக்கு யார் சொன்னார்கள் என்றால், கடைக்கு வருகிறவர்கள் நாலு பேர் சொல்வதுதானே என்று பதில் வந்தது.

"நான் நம்பல, ஃப்ரௌ ஹார்ட்கொப். காதுல விழுந்ததைச் சொல்றேன், அவ்வளவுதான். சாயங்காலம் ஆனா உங்க அடுக்களையில கத்தி தீட்டுற சத்தம் கேக்குதாம். உங்க வீட்டுக்காரரை வெளியில பார்த்து மாசக்கணக்கா ஆச்சாம். செவ்வாய்க்கிழமை டமார்னு வேற ஒரு சத்தமாம்."

"அது பலூன்," என்றாள் ரோஸ்விதா.

"பலூனா?"

"பலூனுக்குச் சவரம் பண்ணிப் பார்த்தேன். வெடிச்சிருச்சு."

ஃப்ரௌ எவெர்ட்ஸ் காய்கறிப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். லோதார் சௌக்கியம்தானே என்று கேட்டாள். சௌக்கியமாக உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறார், கோபமாக இருக்கிறார், கோபம் இருக்கிறவரைக்கும் கவலையில்லை என்று ரோஸ்விதா சொன்னாள். தன் அடுக்களைச் சத்தம் மாடிவீட்டைத் தவிர வேறு எந்த வீட்டுக்குக் கேட்டிருக்கும் என்று அவள் கேட்கவில்லை. படிக்கட்டில் தினமும் முகம் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்த ஊரில் பாதிப்பேர் கத்தி செய்கிறவர்கள். மீதிப்பேர் கத்தியைப் பற்றிப் பேசுகிறவர்கள். ரோஸ்விதா இரண்டுக்கும் நடுவில் இருந்தாள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஒரு கத்திரிக்கோல் தொழிற்சாலையில் பொதி கட்டும் வேலைக்குச் சேர்ந்தவள். கத்திரிக்கோலை மெல்லிய காகிதத்தில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் படுக்கவைப்பாள். மறுநாளும் அதே வேலை. அவள் சுற்றிய கத்திரிக்கோல்கள் உலகம் முழுக்கப் போயின. அவள் தொலைதூரம் போனது என்றால், ஒரு கோடையில் வடகடல் தீவுக்கு. அங்கேயும் மழை.

லோதார், மேல்கம்பி மின்சாரத்தில் ஓடும் டிராலி பஸ்ஸின் ஓட்டுநர். அவன் அவளுக்கு அறிமுகமானதே கதவைச் சாத்தித்தான். தொழிற்சாலை வாசலிலிருந்து ஓடி வந்தவளின் மூக்குக்கு முன்னால் கதவைச் சாத்திவிட்டுப் பஸ்ஸை எடுத்துவிட்டான். மறுநாள் அதே நிறுத்தத்தில், அவள் சாவகாசமாக நடந்து வரும்வரை, பயணிகள் முணுமுணுக்க முணுமுணுக்கக் காத்திருந்தான். ஏன் என்று கேட்டதற்கு, நேற்று அவசரமாக இருந்தது, இன்றைக்கு இல்லை என்றான். கல்யாணத்துக்குப் பிறகும் அவனிடமிருந்து இதைவிட நீளமான விளக்கம் எதுவும் அவளுக்குக் கிடைத்ததில்லை.

அப்படிப்பட்டவனுக்கு இரண்டு விஷயத்தில் மட்டும் பெருமை உண்டு. ஒன்று அவன் அடிக்குரல். வால்ட் ஆண்கள் பாடகர் குழுவில் எல்லாரும் இறங்கி நின்றுவிடும் இடத்திலிருந்து இன்னும் இரண்டு படி கீழே இறங்குவான். மற்றது அவன் தாடை. காலையில் மடக்குச் சவரக்கத்தியால் மழித்து, மாலைவரை பளபளவென்று வைத்திருப்பான். கல்லில் தீட்டுவது, தோல்வாரில் இழுப்பது, துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுவது எல்லாம் அவனே. ரோஸ்விதா அந்தக் கத்தியைத் தொட்டது கிடையாது. தொடச் சொல்லி அவன் கேட்டதும் கிடையாது.

இலையுதிர்காலத்தில் இலேசான பக்கவாதம் வந்தது. காலும் பேச்சும் சீக்கிரமே திரும்பிவிட்டன. குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது கை மட்டும் நடுங்கியது. மருத்துவமனையிலிருந்து வந்த மறுநாளே, யாரிடமும் சொல்லாமல் கத்தியை எடுத்திருக்கிறான். கன்னத்துக்குப் போகும் முன்பே அது குழாயில் இடித்து, கூரில் ஒரு சில்லு பெயர்ந்து பள்ளம் விழுந்துவிட்டது. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் கத்தியை மடக்கி அலமாரியில் வைத்தவன், அதோடு வெளியே போவதையும் சேர்த்து மடக்கி வைத்துவிட்டான்.

மகன் டியூஸல்டார்ஃபிலிருந்து மின்சாரச் சவர இயந்திரம் வாங்கி வந்தான். லோதார் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. முடிதிருத்தும் கடைக்கு ஒருநாள் ரோஸ்விதா கூட்டிக்கொண்டு போனாள். கடைக்காரர் ஒரு தடவை பயன்படுத்தி வீசியெறியும் பிளேடை எடுத்துக் கைப்பிடியில் மாட்டுவதைக் கண்ணாடியில் பார்த்த லோதார், கழுத்துத் துணியோடே எழுந்து தெருவுக்கு வந்துவிட்டான். துணியை மறுநாள் ரோஸ்விதா துவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். தாடி வளர்ந்தது. அழகாக வளர்ந்திருந்தால்கூடப் பரவாயில்லை. திட்டுத்திட்டாக, மழைக்குப் பிறகு முளைத்த புல்லைப் போல் வளர்ந்தது. அந்த முகத்தோடு பாடகர் குழுவுக்குப் போகமாட்டேன் என்றான்.

குழுவை நடத்துகிற வின்ஃப்ரீட் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தான். மூன்றாம் தடவை போனில் ரோஸ்விதாவிடம் கறாராகப் பேசினான். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை மதியம் ஆண்டுவிழா. கடைசிப் பாட்டின் தனிக்குரல் லோதாருடையது. அன்று காலையில் கூப்பிடுவேன். யாரும் எடுக்காவிட்டால் வரவில்லை என்று வைத்துக்கொண்டு அடுத்த அடிக்குரல்காரன் மெல்கியோருக்குக் கொடுத்துவிடுவேன் என்றான். மெல்கியோருக்குக் கீழ்ச்சுரம் தொண்டையிலிருந்து வராது, இருமலிலிருந்து வரும். அது குழுவுக்கே தெரியும். ஆனால் ஒரு தடவை இடம் கைமாறிவிட்டால் லோதார் அதைத் திரும்பக் கேட்கிற ஆள் இல்லை. நாற்காலியோடு நாற்காலியாக உட்கார்ந்துவிடுவான். ரோஸ்விதாவின் பயம் அதுதான்.

அவள் அலமாரியைத் திறந்து கத்தியையும் பெல்ஜியத்து மஞ்சள் சாணைக்கல்லையும் எடுத்தாள். கல்லை ஈரத்துணி மேல் வைத்து, தண்ணீர் தெளித்து, தீட்டத் தொடங்கினாள். தீட்டுவது அவளுக்குப் புதிதல்ல. ஸோலிங்கன் வீடுகளில் உருளைக்கிழங்கு சீவ ட்ஸோப்கென் என்று ஒரு குட்டிக் கத்தி இருக்கும். அதைப் பீங்கான் தட்டின் அடிவிளிம்பில் நாலு இழுப்பு இழுத்துக் கூராக்கத் தெரியாத பெண்ணை அந்த ஊரில் பெண் என்று கணக்கில் சேர்க்கமாட்டார்கள். கத்தியின் முதுகைக் கொஞ்சம் தூக்கிப் பிடி, கூரை அழுத்து, இழு. ரோஸ்விதாவின் ட்ஸோப்கென் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையிலேயே பேர் வாங்கியது. அதே பெருமையோடு, அதே மாதிரி முதுகைத் தூக்கிப் பிடித்துச் சவரக்கத்தியையும் இழுத்தாள்.

நாள்கணக்காக இழுத்தாள். கத்தி காகிதத்தை வெட்டியது, முடியை வெட்டவில்லை. தன் முன்கையில் வைத்துப் பார்த்தாள். முடி அப்படியே இருந்தது, தோல் சிவந்தது. இன்னும் அழுத்தினாள். இன்னும் மோசமானது.

முன்னறையில் செய்தித்தாளுக்குப் பின்னால் லோதார் உட்கார்ந்திருந்தான். கதவு திறந்திருந்தது. கல்லில் கத்தி போகிற சத்தம் ஒவ்வொன்றும் அவன் காதில் விழுந்தது. சரியாகத் தீட்டினால் பட்டுத்துணி நழுவுகிற மாதிரி ஒரு சத்தம்தான் வரும் என்று அவனுக்குத் தெரியும். வந்ததோ சரக், சரக். வாயைத் திறந்தால் சம்மதித்த மாதிரி ஆகிவிடும். அதனால் பொறுத்தான். தாளின் பக்கத்தைப் புரட்டாமலே பொறுத்தான். ஒரு மாலை பொறுக்க முடியவில்லை. எழுந்து அடுக்களை வாசலுக்கு வந்தான்.

"ரோஸ்விதா, அது உருளைக்கிழங்குக் கத்தி இல்ல."

"அப்படியா. நான் சூப் வைக்கலாம்னு இருந்தேன்."

"முதுகைத் தூக்காத. முதுகும் கூரும் சேர்ந்து கல்லுல படுக்கணும். எவ்வளவு சாய்க்கணுங்கறதை அதைச் செஞ்சவன் முதுகோட தடிமன்லயே வச்சுக் குடுத்திருக்கான். உன் சாய்வை நீ அதுக்குக் கத்துக்குடுக்காத."

"இதை எப்பச் சொல்லலாம்னு இருந்த?"

"நீ கேக்கல."

"இத்தனை நாளா அங்க உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான இருந்த?"

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். காது வலிக்குது."

ரோஸ்விதா ஒரு நாற்காலியைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள். அவன் உட்கார்ந்தான்.

அதன்பிறகு சத்தம் மாறியது. கத்தியைத் தட்டையாகப் படுக்கவைத்து, கூர் முன்னால் போக, கல்லை மெல்லியதாகச் சீவி எடுக்கிறவள் போல் தள்ளினாள். கோடியில் திருப்பும்போது முதுகின் மேலேயே புரட்டினாள். அழுத்தாதே, கத்தியின் எடையே போதும் என்றான். அழுத்தவில்லை. குழாயில் இடித்ததில் விழுந்த பள்ளம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, ஒருநாள் விரல்நகத்தில் இடறாமல் போய்விட்டது. தோல்வாரை ஜன்னல் கொக்கியில் மாட்டி இழுத்தபோது மட்டும் கல்லில் பழகிய பழக்கத்தில் கூரை முன்னால் விட்டுத் தோலில் ஒரு பிறைவடிவ வெட்டுப் போட்டாள். தோலில் முதுகுதான் முன்னால் போகவேண்டும். லோதார் கண்ணை மூடிக்கொண்டான். ஒன்றும் சொல்லவில்லை. அது அவனிடமிருந்து கிடைத்த பெரிய மரியாதை.

கடைசியில் அவள் தன் தலையிலிருந்தே ஒரு முடியைப் பிடுங்கி, கூருக்கு நேராகத் தொங்கவிட்டு இறக்கினாள். முடி தொட்ட இடத்தில் இரண்டானது. அவள் கத்தியைத் துடைத்து, எண்ணெய் தடவி, அவன் முன்னால் வைத்தாள்.

"தீட்டத் தெரிஞ்சா கழுத்துல வைக்கத் தெரியும்னு அர்த்தமில்ல," என்றான் லோதார்.

பலூன் அப்படித்தான் வீட்டுக்குள் வந்தது. சவரம் பழகுகிறவர்கள் செய்வதுபோல, ஊதி, சோப்புநுரை பூசி, நுரையை மட்டும் வழித்தெடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமைப் பலூன் வெடித்து, நுரை விளக்குவரை தெறித்தது. லோதார் சிரித்தான். பக்கவாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். மாடிவீட்டுக்கு அது கேட்டிருக்காது, வெடிச்சத்தம்தான் கேட்டிருக்கும். வெள்ளிக்கிழமைப் பலூன் பிழைத்தது. ரோஸ்விதா அதை மாலைக் காப்பிப் பலகாரமான வாஃபிளுக்கும் பால்சோற்றுக்கும் நடுவில், அவன் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். அவன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, முடிச்சுக்குக் கீழே நுரை மிச்சமிருக்கிறது என்றான்.

"மெல்கியோருக்கும் இப்பிடித்தான் ஏதாவது மிச்சமிருக்கும், பாடி முடிச்சப்புறம்," என்றாள் ரோஸ்விதா. அவன் வாஃபிளைத் தின்று முடித்தான். பிறகு, நாளைக்குக் காலையில் வெந்நீர் கொஞ்சம் அதிகமாக வை என்றான்.

சனிக்கிழமை. ஜன்னல் பக்கம் நாற்காலி. சூடான துண்டை அவன் முகத்தில் ஒற்றி, நுரையைத் தடவினாள். அவன் நடுங்கும் கையை மடியில் மற்றக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். வலக் காதோரத்திலிருந்து கீழே ஒரு வழிப்பு. தோல் வெளியே வந்தது, சிவக்காமல், கீறாமல். அவள் கத்தியைத் துடைத்தாள். அடுத்த வழிப்பு. கன்னம், தாடை விளிம்பு, தாடைக்கடியில். வலப்பக்கம் முடிந்தபோதுதான் தன் தோள் காதுவரை ஏறியிருந்ததை அவள் கவனித்தாள்.

அப்போது நடைவழியில் போன் அடித்தது.

ரோஸ்விதா நிமிர்ந்தாள். வின்ஃப்ரீட் பொறுமைசாலி அல்ல, நிறைய நேரம் அடிக்கவிட மாட்டான். போனை எடுக்கப் போனால் நுரை காயும். லோதாரின் மனசும் காய்ந்துவிட்டால் இடது கன்னம் இனி எப்போதுமே கிடைக்காது. போகாவிட்டால் மெல்கியோர். அவள் கத்தியைப் பிடித்த கையோடு ஒரு எட்டு கதவுப் பக்கம் வைத்தாள்.

"எங்க போற?"

"வின்ஃப்ரீட்தான். வரோம்னு சொல்லிட்டு வந்துடறேன்."

"பாதி மூஞ்சிய வச்சுக்கிட்டு வரேன்னு எப்படிச் சொல்றது?" என்றான் லோதார். முகத்தைத் திருப்பி, நுரை பூசிய இடது கன்னத்தை வெளிச்சத்துக்கு நேராகக் கொடுத்தான். "இதை முடி. பாடப்போறவன் நானே பேசிக்கிறேன்."

அவள் திரும்பி வந்தாள். இடது கையால் அவன் காதோரத்துத் தோலை இழுத்துப் பிடித்து, கத்தியைத் தட்டையாக வைத்தாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது.