மேடை வழியாக வந்தவர்

பிரெஞ்சுக்காரர்கள் போன மறுவருஷம் கடற்கரையோரம் ஒரு பொருட்காட்சி நடந்தது. அங்கே நாடகக் கொட்டகை வாசலில் டிக்கெட் கிழிப்பது என் வேலை. அப்போதுதான் அவரைப் பார்த்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இரண்டு காலையும் இழந்தவர். சலவைச் சட்டை, ஒட்டக் கத்தரித்த மீசை. மரியாதையாக 'முசே' என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். எங்கே நுழைந்தாலும், நாம் செருப்பைக் கழற்றுவதுபோல, சக்கர நாற்காலியில் ஒட்டிய மணலை முதலில் கைக்குட்டையால் துடைப்பார்.

வாசலில் மூங்கில் தடுப்பு குறுகலாக இருந்ததால் நாற்காலி நுழையவில்லை. தூக்கிக்கொண்டு போகிறோம் என்றோம்.

"நான் என்னா மூட்டையா?" என்றார்.

"பின்னால மேடைக்கு நாடக ரதம் ஏத்துற பலக இருக்கு முசே. அதுல ஏறி மேட ஓரமா இருந்து பாருங்க," என்றார் மேனேஜர்.

அவர் சக்கரத்தைத் துடைத்துவிட்டு ஏறினார். மேடையில் பாதி தூரம் போவதற்குள் திரையைத் தூக்கிவிட்டார்கள். கோமாளி வந்துவிட்டான் என்று நினைத்து ஜனங்கள் கைதட்டிச் சிரித்தார்கள். வெகுநேரம் சிரித்தார்கள்.

அவர் இறங்கியதும் மேனேஜர் ஓடிவந்தார். "நாளைக்கும் இதே மாதிரி வந்துடுங்க முசே. டிக்கெட்டே வேணாம்."

"நான் பாக்க வந்தவன்யா," என்றார் அவர்.

மறுநாளும் வந்தார். டிக்கெட் வாங்கி என்னிடம் நீட்டினார், கிழித்துக் கொடுத்தேன். உள்ளே போகாமல், வெளியே கீற்றுத் தட்டியோரம் நாற்காலியை நிறுத்தி வசனம் கேட்டார். அதற்கு எதற்கு டிக்கெட் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. உள்ளே ஜனங்கள் சிரித்தபோதெல்லாம், ஏற்கெனவே துடைத்திருந்த சக்கரத்தை அவர் மறுபடியும் துடைத்தார்.