கறுக்காத பிலிம்

காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைகளுக்கு மஞ்சள்பை அச்சடிக்கும் பட்டறையில் வேலையாள் நான் ஒருவன்தான். கருடசேவை அன்றும் வேலை. சீக்கிரம் முடித்தால், கருடன்மேல் வரும் பெருமாளை ஊரோடு சேர்ந்து நானும் பார்க்கலாம்.

அச்சுக்கு எடுத்த கண்ணாடித்தாள் பிலிமில் கடைப்பெயர் சாம்பல் நிறமாகத்தான் விழுந்தது.

"இது கறுக்கல. வெயில்ல வெச்சா வெளிச்சம் எழுத்துல பூந்து, மை இறங்குற ஸ்கிரீன் துணி அடைச்சிக்கும்" என்று முதலாளியிடம் சொன்னேன்.

"அதெல்லாம் வரும். மேல புள்ளையார் சுழி போடுபா."

கறுப்பு மையால் பிலிமிலேயே தடிமனாகப் போட்டேன். அதை ஸ்கிரீன்மேல் வைத்து வெயில் காட்டி அச்சடித்தால், பையில் அந்தச் சுழி மட்டும்தான் விழுந்தது.

"புள்ளையாரு வந்துட்டாரு, கடை எங்கபா?" என்று சிரித்தார். எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது.

அவர் சேவைக்குக் கிளம்பிவிட்டார். நான் பிலிமில் ஒவ்வோர் எழுத்தாக மை தீட்டினேன். மேளச்சத்தம் தெருவைக் கடந்து போயிற்று. யாரும் வந்து என்னைக் கூப்பிடவில்லை.