மாமாவின் பைக்கில் பூட்டிய வழிகாட்டிப் பெட்டி

புது ரப்பர் மணம்... அதோடு சேறு காய்ந்த மணம். மாமாவின் பழைய பைக் ஹேண்டிலில் அந்த ஜி.பி.எஸ் பெட்டியைப் பூட்டிய நாளை நினைத்தால் முதலில் மூக்குக்கு வருவது இதுதான்.

மாமா என்றால் என் மனைவி சுமதியின் அப்பா. நெல் தரகர். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் எந்த வட்டை வயல்வெளியில் யாருடைய வயல், எப்போது அறுவடை என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் கல்லடி வீட்டிலிருந்து புறப்பட்டுப் போய், எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடுவயலில் நின்றுவிட்டார். பிறகு அது அடிக்கடி நடந்தது.

மாமி பைக் சாவியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். மாமா சோற்றைத் தள்ளி வைத்தார்.

"பைக்கையும் பறிச்சிட்டா நான் என்னத்துக்குகா உசிரோட இரிக்கன்?"

அந்தக் குரல் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. அதனால்தான் ஜி.பி.எஸ் யோசனை. வழி சொல்ல ஒன்று கூடவே போகுமென்றால் சாவியைத் தருவதாக மாமியும் இறங்கி வந்தார்.

"போனிலேயே மேப் இருக்கிறதே" என்று என் நண்பர்களான உங்களில் சிலர் அப்போது சிரித்தீர்கள். படுவான்கரை உள்ளுக்குள் அன்றைக்குச் சிக்னல் எங்கே ஐயா இருந்தது? வெயிலில் போன் சூடேறி அணைந்துவிடும். மாரி மழை வந்தால் அதுவும் இல்லை. மாமாவிடம் இருந்ததோ பட்டன் போன்.

டவுன் கடையில் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார்கள். ஒன்று கார் கண்ணாடியில் ஒட்டுவது, கிரவல் ரோட்டின் முதல் பள்ளத்திலேயே கழன்றுவிடும். இன்னொன்று காடு மலை ஏறுபவர்களுக்கானது. எந்த மழைக்கும் அசையாது, ஆனால் வாய் பேசாது. மூன்றாவது பைக்குக்கென்றே செய்தது. பேட்டரியிலிருந்து நேரே வயர் இழுக்கலாம், தண்ணீர் புகாது, நல்ல வெயிலிலும் திரை தெரியும். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா காதைக் கொடுத்தார்.

"படம் பாக்க எனக்குக் கண்ணாடி வேணும் மருமகன். இது வாயால சொல்லுது. இதையே எடுப்பம்."

இங்கிலீஷ் பேசுகிற பெண்குரல். கொக்கட்டிச்சோலை என்ற பெயரை அவள் கடித்துத் துப்பிய அழகைக் கேட்டு மாமா கடையிலேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு.

வீட்டுக்கு வந்து பூட்டியதும், பெட்டி முதலில் கேட்டது வீடு எங்கே என்றுதான்.

"மாமா, வீட்டப் போடணும்."

"எந்த வீடு?"

"ஊருல உங்களுக்கு எத்தின வீடு இரிக்கி?" என்றார் மாமி. எல்லோரும் சிரித்தோம். நான் கல்லடியைப் போட்டேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தானே. கலியாணம் கட்டிய ஆண் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்துவிடுவான். மாமா கொக்கட்டிச்சோலையிலிருந்து வந்தவர். நான் கிரானிலிருந்து வந்தவன். இதையெல்லாம் யார் உட்கார்ந்து யோசிக்கிறார்கள்...

ஒரு போகம் நன்றாகவே ஓடியது. பின்னேரமானால் மாமா பட்டனை அழுத்துவார், அவள் கொண்டுவந்து சேர்த்துவிடுவாள். "உங்கட வெள்ளக்காரி பத்திரமா கொண்டந்து உட்டுட்டாளா?" என்று மாமி நக்கலடிப்பார்.

ஒருநாள் பின்னேரம் மாமா வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. மாமியும் நானும் ஓட்டோவில் தேடிப் போனோம். மண்முனைப் பாலம் தாண்டி, கொக்கட்டிச்சோலையில் அவருடைய தாய் வீட்டுக் கேற்றுக்கு முன்னால் பைக் நின்றது. அந்த வீடு இப்போது அவர் தங்கையின் மகளுக்கு. மாமா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பைக்கில் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் போகச் சொல்லிப் பெட்டி விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

"மருமகன், இவளுக்கு விசர். வீட்டு வாசல்ல நிக்கிறன், வீட்ட போகட்டாம். இஞ்சால கிறுகு, அங்கால கிறுகு எண்டு ஒரே கத்து."

திரும்பும்போது பாலத்தில்தான் மாமி வாய் திறந்தார்.

"அப்ப இவ்வளவு காலமும் இந்த மனிசன் என்ட வீட்ட விருந்துக்கா வந்திருந்தாரு?"



அதன்பிறகு சாவி கொடுக்கவில்லை. ஆனால் பின்னேரங்களில் மாமா ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, கொட்டிலில் நின்ற பைக்கில் ஏறி உட்காருவார். ஒருநாள் மாமியே வந்து சொன்னார்.

"மருமகன், அந்தப் பெட்டியில அவர்ட வீட்டப் போட்டு உடுங்க."

கொக்கட்டிச்சோலைக்கு மாற்றிக் கொடுத்தேன். அவள் வழி சொல்வாள். பைக் அசையாது. மறுபடியும் சொல்வாள். "ஓம், வாறன், வாறன்" என்பார் மாமா. மாமி பிளேன்டீ கிளாஸோடு பக்கத்திலேயே நிற்பார். ஆறிப்போகும் வரை நிற்பார்.

முந்தின மாரியில் மாமா போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது வயலுக்குள்ளும் சிக்னல் இருக்கிறது. போன் தமிழிலேயே வழி சொல்கிறது. பெட்டி எங்கள் அலுமாரியில், பேட்டரி வீங்கிக் கிடக்கிறது. என் போனிலும் வீடு என்றால் கல்லடிதான். ஆனாலும் வாழைச்சேனைப் பக்கம் வேலையாகப் போய்த் திரும்பும்போது, கிரான் சந்தியில் என் கை தானாக வேகத்தைக் குறைக்கிறது...

போன கிழமை சுமதியிடம் சும்மா சொன்னேன். "ஒருநாள் என்னக் காணல்லயெண்டா, முதல்ல கிரான்ல போய்ப் பாரு."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"வந்து கூட்டிட்டு வரட்டா... அங்கயே உடட்டா?" என்று கேட்டாள்.